பூண் கட்டிய ஓடு: அழகு, உடைமை, அறம் பற்றிய ஒரு நோக்கு

அழகிய பொருளொன்றின் முன் நிற்கும் மனிதன் பொதுவாக இரண்டு வினாக்களைக் கேட்பதில்லை. அப்பொருள் எவரெவர் கைகளினூடாக வந்து சேர்ந்தது என்பது ஒன்று. அது அவ்விடத்து அழகாய் வீற்றிருப்பதற்காக எவரேனும் எதையேனும் இழக்க நேர்ந்ததா என்பது மற்றொன்று. இவ்வினாக்கள் அழகுணர்ச்சிக்குப் புறம்பானவை என்று ஒரு சாராரும், இவற்றைக் கேளாத அழகுணர்ச்சி குறையுடையது என்று மறு சாராரும் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். வெறுங் கருத்து நிலையில் நிகழும்போது இவ்வாதம் முடிவின்றி நீள்கின்றது. குறித்த ஒரு பொருளை முன்வைத்து நோக்கும்போதே அதன் உண்மையான சிக்கல்கள் புலனாகின்றன. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பொற்கொல்லர் வெள்ளியிற் பூண் கட்டிய நோட்டிலசு ஓட்டுக் கிண்ணங்கள் அத்தகைய நோக்கிற்கு மிகவும் ஏற்றவை.

இக்கிண்ணங்கள் ஏறத்தாழ ஒரே அமைப்புடையன. கீழே வெள்ளியாலான அடித்தளம். அதன்மேல் ஒரு தண்டு. தண்டாக நிற்பது பெரும்பாலும் கடற்கன்னி, அல்லது மீன்வாலுடைய கடல்மனிதன், அல்லது டொல்பின் மீன். அவ்வுருவம் தாங்கி நிற்பது முத்துப்போல் ஒளிரும் ஒரு சுருள் ஓடு. ஓட்டின் வாய் விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளி வளையம். அவ்வளையத்தையும் கீழுள்ள தண்டையும் இணைப்பனவாகச் சில வெள்ளிப் பட்டைகள். சிலவற்றின் உச்சியிற் கடற்றெய்வமான நெப்டியூன் திரிசூலத்துடன் அமர்ந்திருப்பான். வெள்ளியின்மீது பெரும்பாலும் பொன் முலாம் பூசப்பட்டிருக்கும். பெயரளவில் இவை மதுவருந்தும் கிண்ணங்களே. எனினும் காண்பதற்கும் காட்டுவதற்குமே இவை பெரும்பாலும் பயன்பட்டன.

தமிழில் வழங்கும் 'பூண்' என்னும் சொல் இவ்விடத்துப் பெரிதும் உதவுகின்றது. அணிகலனுக்கும் பூண் என்று பெயர். உலக்கை பிளவுபடாதவாறு அதன் முனையில் இறுக்கப்படும் இரும்பு வளையத்துக்கும் பூண் என்றே பெயர். ஊதும் சங்குக்கு உலோகப் பூண் கட்டும் வழக்கமும் உண்டு. அழகு செய்வதும் இறுக்கிப் பிடிப்பதும் ஒரே சொல்லில் அடங்கியிருத்தல் சிந்தனைக்குரியது. அணிசெய்தல் எங்கே முடிகின்றது, கைப்பற்றுதல் எங்கே தொடங்குகின்றது என்பதே இக்கிண்ணங்கள் எழுப்பும் அறவியல் வினாவாகும்.

முதலில் ஓட்டைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நன்று. நோட்டிலசு என்பது கணவாய்க்கும் எண்காலிக்கும் இனமான ஓர் உயிர். அவ்வினத்துள் வெளியே ஓட்டைச் சுமந்து வாழும் மரபு இன்று இதனிடத்து மட்டுமே எஞ்சியுள்ளது. இந்து சமுத்திரத்தின் கிழக்குப் புறத்திலும் பசிபிக் சமுத்திரத்தின் மேற்குப் புறத்திலும் உள்ள பவளப்பாறைச் சரிவுகளில் இது வாழ்கின்றது. பகலில் நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்தில் ஒடுங்கியிருந்து, இரவில் இரை தேடி மேலெழும் இயல்புடையது. வளர வளரத் தான் குடியிருந்த அறையைப் பின்னே அடைத்துவிட்டு முன்னே புதிய அறையொன்றை அமைத்துக்கொள்கின்றது. முதிர்ந்த ஓடொன்றில் முப்பதுக்கு மேற்பட்ட அறைகள் இருப்பதுண்டு. அவ்வறைகள் அனைத்தினூடும் செல்லும் மெல்லிய குழாயொன்று அவற்றிலுள்ள நீரை உறிஞ்சி அகற்ற, அவ்விடத்தை வாயு நிரப்புகின்றது. இவ்வாறே அவ்வுயிர் மூழ்காமலும் மிதந்து போகாமலும் தன் நிலையைப் பேணுகின்றது. முதிர்ச்சியடைவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். இடும் முட்டைகளோ மிகச் சில. வெண்ணிறத்தின்மேற் செம்பழுப்புக் கோடுகள் ஓடிய அதன் புறத்தோடு கடலின் அரையிருளில் அதற்குக் காப்பாக அமைகின்றது. இவ்வனைத்தையும் தொகுத்து நோக்கின், எவரும் காணாத இடத்தில், எவருக்காகவும் அன்றி, தன்னளவில் முழுமை பெற்ற ஒரு வாழ்க்கையின் வீடே இவ்வோடு என்பது தெளிவாகும்.

இவ்வோட்டை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றது வாசனைத் திரவிய வணிகமாகும். போர்த்துக்கேயர் கீழைக் கடல்களை எட்டிய சில பத்தாண்டுகளுள் இத்தகைய ஓடுகள் அரசரும் பிரபுக்களும் விரும்பும் அரும்பொருள்களாயின. இன்று இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையிலுள்ள பேர்லிக் கலம் 1527-28இற் பரிசில் ஆக்கப்பட்டது. அதில் நோட்டிலசு ஓடே ஒரு கப்பலின் உடலாக அமைய, வெள்ளியாலான பாய்மரங்களும் பாய்களும் அதன்மேல் எழுந்து நிற்கின்றன. முதன்மைப் பாய்மரத்தின் அடியில் இரு காதலர் சதுரங்கம் ஆடுகின்றனர். அக்கலம் உணவு மேசையில் உப்பு வைப்பதற்கு அமைந்தது. கடலுயிர் ஒன்றின் வீடு, கடலை வென்ற கப்பலின் உருவைப் பெற்று, பிரபு ஒருவரின் மேசையில் உப்பைச் சுமந்தது. உலக வரலாற்றின் ஒரு பெருந்திருப்பம் அச்சிறு பொருளில் அடங்கியுள்ளதெனின் மிகையாகாது.

1602இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தாபிக்கப்பட்டது. 1605இல் மொலுக்காஸ் தீவுகளைச் சார்ந்த அம்பொயினாவைப் போர்த்துக்கேயரிடமிருந்து அக்கம்பனி கைப்பற்றியதன் பின்னர், நோட்டிலசு ஓடுகள் ஆம்ஸ்ரர்டாம் நகருக்கு முன்னிலும் கூடுதலாக வந்தன. அவ்வோடுகளைப் பற்றி விரிவாக எழுதியவர் கம்பனியின் ஊழியராக அம்பொயினாவில் வாழ்ந்த கியோர்க் றும்பியஸ் என்னும் ஜேர்மானியர் (1627-1702). 1670இற் கண்பார்வையை இழந்த அவர், 1674ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மனைவியையும் மகளையும் இழந்தார். எனினும் பிறர் கண்களைத் துணைகொண்டு தம் ஆய்வைத் தொடர்ந்தார். அவர் மறைந்த பின் 1705இல் வெளியான அம்பொயினா விந்தைப்பொருட் கூடம் பற்றிய நூலில், நோட்டிலசு ஓட்டைப் புளித்த பொருள்களிற் பல நாள் ஊறவைத்துப் புறத்தோட்டை நீக்கி, உள்ளே முத்தொளி வீசும் படையை வெளிக்கொணரும் முறை கூறப்பட்டுள்ளது. வேறு சில ஓடுகளில் ஐரோப்பாவை அடையுமுன்னரே சீனக் கைவினைஞர் நுண்ணிய சித்திரங்களைச் செதுக்கியிருந்தனர். ஆகவே ஐரோப்பியப் பொற்கொல்லரின் பட்டறையை வந்தடைந்தபோது அவ்வோடு பல கைகளைக் கடந்துவிட்டிருந்தது.

பொற்கொல்லரின் பணியைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. வெள்ளி அவர் சொற்படி வளையும்; ஓடு வளையாது. ஒவ்வோர் ஓடும் தனக்கேயுரிய அளவும் சாய்வும் உடையது. எனவே பொற்கொல்லர் ஓட்டை அளந்து, ஓட்டுக்கு இணங்கவே தம் வெள்ளியை அமைக்க வேண்டியிருந்தது. ஓட்டைத் துளைத்து ஆணி அறைந்தால் அது விரிந்து உடையக்கூடும். ஆகையாற் பட்டைகளைக் கீல்களாலும் முளைகளாலும் இணைத்து, ஓட்டுக்கு ஊறு விளையாமல் அதனைப் பற்றிக்கொள்ளும் உத்தியை அவர்கள் கையாண்டனர். நியூரம்பேர்க்கின் புகழ்பெற்ற பொற்கொல்லரான வென்செல் யாம்னிற்சர் (இறப்பு 1585) பல்லி, தவளை, புல் முதலியவற்றை நேரே அச்செடுத்து வெள்ளியில் வார்த்தவர். கடற்சங்குகளைக் கொண்டு நீர்ச்சாடியும் ஆக்கியவர். ஆம்ஸ்ரர்டாமில் வாழ்ந்த பெலக்கின் குடும்பத்தினர் ஓட்டின் ஒளிரும் பரப்பிற் பூச்சிகளையும் கொடிகளையும் மனித உருவங்களையும் மயிரிழை போன்ற கோடுகளாற் கீறினர். இத்தகைய கைகள் இயற்கையை அவமதித்தன என்று கூற எவருக்கும் மனம் வராது. நெடுநேரம் கூர்ந்து நோக்கிய கண்களுக்கே இவ்வேலை கைகூடும்.

இதனடியாகப் பூணுக்குச் சார்பான வாதம் எழுகின்றது. கரையொதுங்கிய ஓடு அலைமோதி நொறுங்கி மணலாகியிருக்கும். பொற்கொல்லரின் பூண் அதனை நானூறு ஆண்டுகள் காத்துள்ளது. செம்பழுப்புக் கோடுகளுக்குள் மறைந்திருந்த ஒளியை மனிதக் கண்ணுக்குப் புலப்படுத்தியது மெருகிட்ட கையே. அன்றியும், உயிருள்ள நோட்டிலசு அக்காலத்தில் அரிதாகவே அகப்பட்டது. அவ்வுயிர் இறந்தபின் ஓடு மிதந்து கரை சேர்வது இயல்பாகையால், சேகரிப்போர் கையில் வெற்றோடுகளே பெரிதும் கிடைத்தன. எனவே இக்கிண்ணங்களுக்காக உயிர்கள் பெருந்தொகையாக வேட்டையாடப்பட்டன என்று குற்றஞ்சாட்டுவதும் பொருந்தாது. இறந்ததொன்றை எடுத்து, அதனை மதித்து, அழகு செய்து, காத்து வைத்தலில் என்ன பிழை என்று கேட்பின், அக்கேள்வியைப் புறக்கணித்தல் இயலாது.

இவ்வாதத்தின் பின்னே அக்காலத்துக்குரிய ஒரு மெய்யியலும் இருந்தது. பிராகில் இரண்டாம் றுடோல்ப் பேரரசனும், டிரெஸ்டனிற் சக்சனி மன்னரும், பிறரும் விந்தைப்பொருட் கூடங்களை அமைத்தனர். அவற்றில் இயற்கையின் விந்தைகளும் கலையின் விந்தைகளும் அருகருகே வைக்கப்பட்டன. பூண் கட்டிய ஓடு இரு வகுப்புக்கும் உரியது. இயற்கை தொடங்கியதை மனிதக் கலை நிறைவு செய்கின்றது என்னும் நம்பிக்கைக்கு அது கண்கண்ட சான்றாகத் திகழ்ந்தது. ஆயின் இந்நம்பிக்கையே முதலில் ஐயத்துக்குரியது. நிறைவு செய்தல் என்பது குறையை முன்னிறுத்துவது. நோட்டிலசு ஓட்டில் எக்குறை இருந்தது? அது கிண்ணமாய் இல்லாமையே அதன் குறை. ஒருவர் கையில் இல்லாமையே அதன் குறை. தன்னளவில் முழுமையான பொருள், உடைமையாகாத காரணத்தினாலேயே அரைகுறையானதாகக் கணிக்கப்பட்டது. இவ்விடத்திற் பூணின் இரண்டாவது பொருள் வெளிப்படுகின்றது.

பெயர்கள் எங்கே பொறிக்கப்பட்டுள்ளன என்பதும் கவனிக்கற்பாலது. ஐரோப்பிய நகரங்களிற் பொற்கொல்லர் சங்கங்களின் விதிப்படி வெள்ளிப் பொருள்களில் நகர முத்திரையும் ஆக்கியவரின் முத்திரையும் இடப்பட்டன. நியூரம்பேர்க்கின் முத்திரை அந்நகரப் பெயரின் முதலெழுத்தாகும். இம்முத்திரைகளாலேயே இன்று நூதனசாலைகள் ஒரு கிண்ணத்தை இன்ன ஆண்டில் இன்னார் ஆக்கினார் எனத் துணிந்து கூறுகின்றன. வெள்ளிக்குப் பெயரும் ஊரும் ஆண்டும் உண்டு. ஓட்டை மணலிற் கண்டெடுத்தவருக்கும், அதனைப் புளித்த நீரில் ஊறவைத்துத் தேய்த்தவருக்கும், சித்திரம் செதுக்கிய சீனக் கைவினைஞருக்கும் அவை இல்லை. ஓட்டின் பிறப்பிடம் என ஒரு சமுத்திரத்தின் பெயரே பல அட்டைகளில் எழுதப்படுகின்றது. உழைப்பைப் போற்றுவதாகக் கூறும் கலை வரலாறு, உழைப்பின் ஒரு முனையை மட்டுமே போற்றியுள்ளது.

இது பெயர் விடுபட்ட குறை மட்டுமாயின், அதனை அறவியற் பிரச்சினை என்று வற்புறுத்த வேண்டியதில்லை. ஆயின் ஓடு வந்த பாதை வெறும் வணிகப் பாதையன்று. அம்பொயினாவுக்குத் தென்கிழக்கே பண்டாத் தீவுகள் உள்ளன. அக்காலத்திற் சாதிக்காய் உலகிற்குக் கிடைத்தது ஏறத்தாழ அச்சிறு தீவுகளிலிருந்து மட்டுமே. பண்டா மக்கள் தாம் விரும்பியோருக்கு அதனை விற்றமை கம்பனியின் ஏகபோகத்துக்கு இடையூறாயிற்று. 1621இல் ஆள்பதி யான் பீற்றர்சூன் கூன் படையுடன் சென்று அத்தீவுகளைக் கைப்பற்றினார். 44 தலைவர்கள் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 15,000 எனக் கணிக்கப்படும் மக்களுட் பெரும்பகுதியினர் வாளாலும் பட்டினியாலும் மாண்டனர்; எஞ்சியோருட் பலர் நாடுகடத்தப்பட்டனர். ஆளற்ற நிலம் பங்குகளாகப் பிரிக்கப்பட்டுத் தோட்டக்காரருக்கு அளிக்கப்பட்டது. அத்தோட்டங்களில் உழைப்பதற்கு வேறு இடங்களிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். சாதிக்காய் மரங்கள் பழையபடி காய்த்தன.

இவ்வரலாற்றைக் கூறுவதன் நோக்கம் ஒவ்வொரு கிண்ணத்திலும் இரத்தக்கறை உண்டு என நிறுவுவதன்று. அது மிகைப்படக் கூறுவதாகும். ஆக்கியவர்களுட் பலர் 1621க்கு முன்னரே மறைந்தனர். மற்றவர்கள் பண்டாவைப் பற்றி என்ன அறிந்திருந்தனர் என்பதும் வேறு வினா. ஆயினும் ஓட்டை வாங்கிய செல்வமும், ஓட்டைச் சுமந்த கப்பலும், ஓடு கிடைத்த தீவுகளின் மேலாட்சியும் ஒரே அமைப்பின் உறுப்புகளாய் இருந்தன. ஓட்டைத் தழுவிய வெள்ளியும் இதற்கு விலக்கன்று. 1545இல் தென் அமெரிக்காவிற் பொட்டோசி மலையின் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், அங்குள்ள ஆதிக்குடிகளின் கட்டாய உழைப்பால் அகழப்பட்ட வெள்ளி ஐரோப்பாவுட் பெருக்கெடுத்துப் பாய்ந்தது.

இதே கம்பனியே 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பைத் தன் ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்தது. முத்துக்குளிப்பில் ஒருவர் நீரில் இறங்குவதற்குக் காலிற் பற்றிக்கொள்ளும் கல்லே உரிமைக்கும் கணக்குக்கும் அலகாயிற்று. இத்தனை 'கல்' என்றே குளிப்பாளரின் பங்கு வகுக்கப்பட்டது. கணக்குப் புத்தகத்தின் வசதிக்காக ஏற்பட்ட அலகு அது என்பதில் ஐயமில்லை. எனினும் மூச்சை அடக்கி ஆழத்துக்குச் செல்லும் மனிதன் கணக்கிற் கல்லாக மாறியமை, பெருவணிகம் மனிதரை எக்கண்கொண்டு நோக்கியது என்பதற்கு ஒரு சிறு சான்றாகும்.

இங்கு இமானுவேல் கான்ற் வகுத்த ஒரு வேறுபாடு துணைபுரிகின்றது. 1785இல் வெளியான ஒழுக்க மெய்யியல் பற்றிய நூலில் அவர் விலையையும் மாண்பையும் பிரித்துக் காட்டினார். எப்பொருளின் இடத்தில் அதற்கு ஈடான வேறொன்றை வைக்கலாமோ அதற்கு விலை உண்டு. எதற்கு ஈடே இல்லையோ அதற்கு மாண்பு உண்டு என்பது அவர் கருத்தின் சாரம். பூண் கட்டிய கிண்ணத்தின் அமைப்பை இவ்வேறுபாட்டின் வழியே நோக்கின் ஓர் உண்மை புலப்படும். பட்டைகள் முளைகளால் இணைக்கப்பட்டிருப்பதாற் பூணைக் கழற்றலாம். ஓடு உடைந்தால் வேறோர் ஓட்டை அவ்விடத்தில் வைத்துப் பூட்டலாம். அவ்வாறு ஓடு மாற்றப்பட்ட கிண்ணங்களும் உண்டு. அவற்றின் பெயரும் ஆண்டும் மாறுவதில்லை. ஏனெனில் அவை வெள்ளியைச் சார்ந்தவை. எந்த ஓட்டின் அழகுக்காகக் கிண்ணம் ஆக்கப்பட்டதோ, அந்த ஓடே கிண்ணத்தில் ஈடு செய்யத்தக்க உறுப்பாகிவிடுகின்றது.

பண்டாவில் நிகழ்ந்ததும் இதுவே. மரங்கள் நின்றன, நிலப்பங்குகள் நின்றன, கம்பனியின் கணக்கு நின்றது. மக்கள் மட்டும் மாற்றப்பட்டனர். ஒரு சமூகத்தின் இடத்தில் வேறு மனிதரைக் கொண்டுவந்து வைத்தால் வேலை நடக்கும் என்று கருதப்பட்டது, வேலையும் நடந்தது. ஓட்டையும் மனிதரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் இங்கு நோக்கமன்று. மனித உயிரின் இழப்புக்கு ஓடு எவ்வகையிலும் நிகராகாது. ஆயினும் இரண்டிடத்தும் இயங்கும் மனப்பாங்கு ஒன்றே: ஈடற்றதை ஈடு செய்யத்தக்கதாகக் காணுதல். உடைமை வேட்கையின் உண்மையான அறக்கேடு பேராசையில் மட்டுமன்று, இப்பார்வையிலேயே தங்கியுள்ளது.

அழகு பற்றியும் கான்ற் கூறியதை இவ்விடத்து ஒப்புநோக்குதல் தகும். 1790இல் வெளியான நூலில் அவர் பயன் கருதாத, கருத்துக் கட்டுப்பாடற்ற தூய அழகுக்கு எடுத்துக்காட்டாகப் பூக்களையும் சில பறவைகளையும் கடலின் ஓட்டுயிர்களையும் சுட்டினார். அழகை நுகர்வோன் அப்பொருளை உடைமையாக்க விரும்பாமலே மகிழ்கின்றான் என்பது அவர் கோட்பாடு. இது உயர்ந்த கருத்தே. எனினும் கோனிக்ஸ்பேர்க் நகரை விட்டுத் தொலைதூரம் சென்றறியாத அம்மெய்யியலாளரின் காலத்தில், தூர தேசத்து ஓடுகள் ஐரோப்பியரின் கண்முன் வந்தது உடைமை வேட்கை செலுத்திய கப்பல்களிலாகும். பற்றற்ற நோக்கு நிகழ்வதற்குப் பற்றுள்ள கை முதலில் அப்பொருளை அங்கு கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது. இதைக் கான்றின் கோட்பாடு மறுக்கவில்லை, பேசாது விட்டது.

அப்பேசாப் பொருளைப் பேசியவர் கார்ல் மார்க்ஸ். 1867இல் வெளியான 'மூலதனம்' முதல் தொகுதியில், சந்தையில் நிற்கும் பண்டம் தன்னை ஆக்கிய மனித உறவுகளை மறைத்து, தன் மதிப்பு தன்னிடமே இயல்பாக உள்ளது போலத் தோன்றுவதை அவர் விளக்கினார். ஒளிரும் ஓட்டுக் கிண்ணம் இதற்கு மிகச் சிறந்த உதாரணமாகும். ஆயின் இவ்விளக்கத்தோடு ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று கருதுவோரும் ஒன்றைத் தவறவிடுகின்றனர். அக்கிண்ணத்தைப் பணித்த பிரபுக்கள் மறைந்தனர். அவ்வணிகக் கம்பனியும் 1799இல் மறைந்தது. எனினும் எப்பிரபுவுக்கும் உறவில்லாத, எக்கம்பனியிலும் பங்கில்லாத ஒருவர் இன்று அதன் முன் நின்று தம்மை மறக்கின்றார். அவ்வனுபவம் முழுவதையும் ஏமாற்று என்று தள்ளிவிடுதல் மனித உணர்வுக்கு நீதி செய்வதாகாது. அழகை உழைப்பிலிருந்து பிரித்தல் எவ்வளவு தவறோ, அழகை வெறுஞ் சுரண்டலாகச் சுருக்குதலும் அவ்வளவு தவறாகும்.

அக்காலச் சமுதாயமே இப்பொருள்களைக் குறித்து ஒருவகை மனக்கலக்கம் கொண்டிருந்தது என்பதற்கு ஒல்லாந்த ஓவியங்கள் சான்று பகர்கின்றன. வில்லெம் கால்வ் (1619-1693) 1662இல் தீட்டிய, இன்று மட்ரிட்டிலுள்ள ஓவியத்தில் நோட்டிலசுக் கிண்ணம் ஒன்று இருளிலிருந்து ஒளிர்கின்றது. அருகே சீனக் கிண்ணம், கீழைத்தேயக் கம்பளம், பாதி தோலுரித்த எலுமிச்சம்பழம். தோலுரித்த பழம் விரைவில் வாடும், கண்ணாடி உடையும், செல்வம் நில்லாது என்னும் குறிப்பு இத்தகைய ஓவியங்களில் ஓடுவதாகக் கூறுவர். நிலையாமையைத் தமிழறநூல்களிற் கண்டவர்களுக்கு இக்குறிப்பு புதியதன்று. ஆயின் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. அந்நிலையாமை யாரை நோக்கிக் கூறப்பட்டது? கிண்ணத்தின் உரிமையாளரை நோக்கியே. நீ இறப்பாய், இதை விட்டுச் செல்வாய் என்று அது எச்சரித்தது. இது வந்த வழியில் வேறு சிலர் இறந்தனர் என்று அது கூறவில்லை. தன் மரணத்தை எண்ணிக் கலங்குதல் ஆன்மிக உணர்வாகலாம்; பிறர் மரணத்துக்குத் தான் கடமைப்பட்டுள்ளதை எண்ணுவதே அறவுணர்வாகும். செல்வந்தரின் துறவுச் சிந்தனை இவ்விரண்டையும் மயக்கிக்கொள்வது எக்காலத்தும் நிகழ்வது.

இவ்வினா பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டிற் சுற்றுலாவும் அலங்காரப் பொருட் சந்தையும் பெருகவே, நோட்டிலசு ஓட்டுக்கான தேவை பிரபுக்களின் கூடங்களிலிருந்து சாதாரண வீடுகளின் அலுமாரிகளுக்குப் பரவியது. கரையொதுங்கும் வெற்றோடுகள் அத்தேவைக்குப் போதா. பிலிப்பைன்சு முதலிய இடங்களில் இரையிட்ட கூடுகளை ஆழத்தில் இறக்கி உயிருள்ள நோட்டிலசுகள் பிடிக்கப்பட்டன. மெதுவாக முதிர்ந்து சில முட்டைகளே இடும் உயிர் இவ்வேட்டையைத் தாங்கவில்லை. சில இடங்களில் அதன் தொகை பெரிதும் வீழ்ந்தது. இதனால் 2016இல் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் நோட்டிலசுக் குடும்பம் சேர்க்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் பொற்கொல்லருக்கு அரிதாய்க் கிடைத்த ஓட்டைக் கூர்ந்து நோக்குவதற்கேனும் நேரம் இருந்தது. மலிவாக வாங்கித் தூசு படிய வைத்திருக்கும் அலுமாரிக்கு அந்நேரமும் இல்லை. ஈடு செய்யத்தக்கது என்னும் பார்வை இன்று எவரையும் கொடியவராக்காமலே பரவக்கூடியதாகிவிட்டது. ஆகவே அதன் ஆபத்து குறையவில்லை, கூடியுள்ளது.

அவ்வாறாயின் நூதனசாலைகளில் ஒளிரும் அக்கிண்ணங்களை என் செய்வது? உடைத்தெறிதல் ஒரு விடையன்று. ஓட்டைக் கடலுக்கு மீட்பதால் அவ்வுயிர் மீளாது. வாழும் சமூகங்களிடமிருந்து கவரப்பட்ட வழிபாட்டுப் பொருள்களையும் முன்னோர் எச்சங்களையும் திருப்பியளிக்கக் கோருவதற்குத் தெளிவான நியாயம் உண்டு. ஆயின் கரையிற் கண்டெடுத்து விலைக்கு விற்கப்பட்ட ஓடு அவ்வகையைச் சார்ந்ததன்று. இங்கு மீட்டளிக்கப்பட வேண்டியது பொருளன்று, வரலாறு. கண்டெடுத்தவர் பெயர் இனி ஒருபோதும் கிடைக்காது. எனினும் பெயரறியாத ஒருவர் இருந்தார் என்பதை எழுதலாம். நகரையும் முத்திரையையும் ஆண்டையும் குறிக்கும் அட்டையில் அம்பொயினாவும் பண்டாவும் 1621உம் இடம்பெறலாம். இது கலையின்பத்தைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர், அறியாமையில் மட்டுமே நிலைக்கக்கூடிய இன்பத்தை எதற்காகக் காக்க விரும்புகின்றனர் என்று விளக்கக் கடமைப்பட்டவர்கள்.

இறுதியாக, அழகும் அறமும் பகையென்னும் கருத்தை இக்கிண்ணமே மறுக்கின்றது என்பது நோக்கற்பாலது. ஒருவர் ஓர் ஓட்டின் அழகில் உண்மையாகவே ஈடுபடும்போது, அவ்வோடு அவருக்கு ஓடுகளுள் ஒன்றாகத் தோன்றுவதில்லை. இதுவே, வேறெதுவும் இதன் இடத்தை நிரப்பாது என்றே தோன்றுகின்றது. சாய்வு சாய்வாக அளந்து, ஊறு விளைக்காமற் பற்றுவதற்கு வழி தேடிய பொற்கொல்லரின் கையும் அக்கணத்தில் அவ்வுண்மையை அறிந்திருந்தது. ஈடின்மையைக் கண்டுகொள்ளும் அவ்வாற்றலே அழகுணர்ச்சியின் உள்ளீடு. அதுவே அறவுணர்ச்சியின் வித்துமாகும். அவ்வுணர்ச்சி ஓட்டளவில் நின்றுவிட்டமையே வரலாற்றின் அவலம். ஓட்டில் ஈடின்மையைக் கண்ட கண், ஓட்டைப் பொறுக்கிய கையிலும், சாதிக்காய் மரத்தடியில் வாழ்ந்த மனிதரிலும், கல்லெனக் கணக்கிடப்பட்ட குளிப்பாளரிலும் அதனைக் காணத் தவறியது. எனவே அறத்தின் பொருட்டு அழகைத் துறக்க வேண்டியதில்லை. அழகு சுட்டிய திசையிற் பாதிவழியில் நின்றுவிடாமல் இறுதிவரை செல்ல வேண்டும். வெள்ளிப் பூண் ஓட்டை இறுக்கிப் பிடித்திருக்கலாம்; அதைக் காணும் கண்ணுக்கும் பூண் கட்ட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.